லாங்-லிட்: ஏ-லெவலில் ஆங்கில மொழியையும் இலக்கியத்தையும் சேர்த்துப் படிப்பது

இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குப் பின் இரண்டு வருடம் படிக்கும் ஏ-லெவலுக்கு ஆங்கிலத்தை மூன்று விதமாக எடுக்கலாம். இலக்கியம் மட்டும், மொழி மட்டும், இரண்டும் சேர்ந்த ஒரே பாடம். மூன்றாவதைப் பிள்ளைகள் லாங்-லிட் என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆகஸ்டில், பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் முடிவு வந்த கையோடு, ஏ-லெவல் நடக்கும் சிக்ஸ்த் ஃபார்மின் சேர்க்கை மேசைக்கு வந்து, ‘இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம், சுலபமாக இருக்கும்’ என்று பெயரைக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கோளாறு அந்தக் ‘கொஞ்சம்’ என்ற நினைப்பில்தான் தொடங்குகிறது.

இது அரைப்படி மொழியையும் அரைப்படி இலக்கியத்தையும் ஒரே சாக்கில் கொட்டிய பாடம் இல்லை. திங்கட்கிழமை கவிதை, புதன்கிழமை இலக்கணம் என்று பிரித்துப் படித்தால் இரண்டு வருடமும் எதுவும் ஒட்டாது. ஒரு வரி மிரட்டலாக ஒலிக்கிறது என்று இலக்கிய மாணவர் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். லாங்-லிட் மாணவர் அந்த மிரட்டல் எந்த வினைச்சொல்லில், எந்தச் சுட்டில், யார் பேச்சை யார் வெட்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கையை வைத்துக் காட்ட வேண்டும். எண்ணிக் காட்டியதோடு முடிந்தும் விடாது. அதனால் வாசிப்பவருக்கு என்ன ஆகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். இந்த முறைக்குப் பெயர் ஸ்டைலிஸ்டிக்ஸ், நம் பல்கலைக்கழகங்களில் நடையியல். பாடம் முழுவதும் இந்த ஒன்றுதான்.

எந்த போர்டு, எத்தனை மதிப்பெண்

ஏக்யூஏ, எடெக்செல், ஓசிஆர், எடுகாஸ் என்று நான்கு தேர்வு வாரியங்கள் இந்தப் பாடத்தை நடத்துகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. பழைய வினாத்தாளை இணையத்தில் இறக்கிப் பயிற்சி செய்வதற்கு முன் போர்டையும் பாடக் குறியீட்டையும் பார்த்துவிடுங்கள். ஏக்யூஏயின் குறியீடு 7707. அதிலேயே 7706 என்று இருந்தால் அது ஏ-லெவலில் பாதி அளவான ஏஎஸ், வேறு தேர்வு. தவறான போர்டின் மாதிரி விடையை வைத்து ஒரு டெர்ம் முழுக்கப் பயிற்சி செய்த பிள்ளைகளும் உண்டு.

இனிச் சொல்வது ஏக்யூஏயின் 7707 பற்றி. 2015இல் கற்பிக்கத் தொடங்கி 2017இல் முதல் தேர்வு நடந்த பாடத்திட்டம் இது. முதல் தாள் 3 மணி நேரம், 100 மதிப்பெண், மொத்தத்தில் 40 சதவீதம். அதில் மூன்று பகுதிகள். பாரிஸ் நகரம் பற்றிய பலவகை எழுத்தும் பேச்சும் அடங்கிய தொகுப்பிலிருந்து ஒப்பீட்டுக் கேள்வி 40 மதிப்பெண், கற்பனை உலகம் படைக்கும் நாவல் 35, கவிதை 25. இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண், இன்னொரு 40 சதவீதம். அதில் ஒரு நூலின் பகுதியை வேறொருவர் பார்வையில் திருப்பி எழுதுவதற்கு 25, அதற்கு விளக்கவுரை எழுத 30, நாடகத்துக்கு 45. மீதி 20 சதவீதம் கோர்ஸ்வொர்க், அதாவது தேர்வு அறைக்கு வெளியே எழுதிக் கொடுக்கும் கட்டுரை. அது 50 மதிப்பெண், 2,500 முதல் 3,000 சொற்கள். செட் டெக்ஸ்ட், அதாவது தேர்வுக்குக் குறித்த நூல்களின் பட்டியல் அவ்வப்போது மாறும். அண்ணனுக்கு வாங்கிய புத்தகம் தங்கைக்கும் ஆகும் என்று நம்பி இருக்காமல் அந்த வருடப் பட்டியலைப் பாருங்கள்.

நேரக் கணக்கை முதல் வாரத்திலேயே மனதில் எழுதிக்கொள்வது நல்லது. முதல் தாளில் 180 நிமிடத்துக்கு 100 மதிப்பெண். ஆகவே பாரிஸுக்கு ஏறக்குறைய 70 நிமிடம், நாவலுக்கு 65, கவிதைக்கு 45. இரண்டாம் தாளில் மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம்தான். எழுதத் தெரிந்த பிள்ளைகள் அடிபடுவது இந்த இரண்டாம் தாளில். சொந்தமாக எழுதும் பகுதி இன்பமாக இருப்பதால் அதில் ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குரிய நேரம் 35 முதல் 40 நிமிடம். விளக்கவுரைக்கு 45. நாடகத்துக்கு 65க்குக் குறைந்தால் கடைசிப் பக்கம் கிறுக்கலாக முடியும்.

இன்னொன்று. ஒவ்வொரு பகுதியும் ஒரே அளவுகோலால் திருத்தப்படுவதில்லை. அளவுகோல்களை ஏஓ1, ஏஓ2 என்று ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். ஏஓ1 என்பது முறையும் கலைச்சொல்லும், ஏஓ2 பொருள் எப்படி உருவாகிறது என்பது, ஏஓ3 சூழல், ஏஓ4 ஒப்பீடு, ஏஓ5 சொந்த எழுத்தின் திறமை. கவிதைக் கேள்வியில் ஏஓ3 கிடையாது. கவிஞர் எங்கே பிறந்தார், யாரை மணந்தார் என்று அரைப் பக்கம் எழுதினால் அரைப் பக்க நேரம் போனதுதான் மிச்சம். நாவல் கேள்வியிலோ சூழல் கட்டாயம் வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த ஏஓ என்று ஓர் அட்டையில் எழுதிக் கோப்பின் முன் அட்டையில் ஒட்டி வைத்தவர்கள் இந்த இடத்தில் சறுக்குவதில்லை.

ஒரு துணைவினையைப் பிடித்துப் பார்த்தல்

முதல் டெர்மில் கலைச்சொற்கள் மழையாகக் கொட்டும். மோடாலிட்டி, டெய்க்சிஸ், ப்ரெசப்பொசிஷன், ஃப்ரீ இன்டைரக்ட் ஸ்டைல், டர்ன்-டேக்கிங். ஐம்பது அட்டை எழுதி மனப்பாடம் செய்பவர்கள் நவம்பரில் எல்லாவற்றுக்கும் பொருள் சொல்வார்கள். ஒரு பத்தியைக் கையில் கொடுத்தால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விழிப்பார்கள். வாரத்துக்கு இரண்டு சொல் போதும். அந்த இரண்டையும் செய்தித்தாளில், பஸ்ஸில் கேட்கும் பேச்சில், அம்மாவின் வாட்ஸப் செய்தியில் தேடிப் பிடிக்க வேண்டும்.

மோடாலிட்டியை, அதாவது சொல்வதன் உறுதியையோ கடமையையோ துணைவினையால் காட்டுவதை, எடுத்துக்கொள்வோம். ‘யூ மைட் ஹாவ் டோல்ட் மீ’ என்று ஒருவர் சொல்கிறார். இதற்கு இரண்டு பொருள். ‘நீ என்னிடம் சொல்லியிருக்கக் கூடும், எனக்கு ஞாபகம் இல்லை’ என்பது ஒன்று. இது எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லும் வகை, எபிஸ்டெமிக். ‘என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா’ என்பது இன்னொன்று. இது எது முறை, எது கடமை என்பதைச் சொல்லும் வகை, டியான்டிக். துணைவினை ஒன்றுதான். முதல் பொருளில் பேசுபவர் பின்வாங்குகிறார், இரண்டாவதில் குற்றம் சாட்டுகிறார். தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ‘நீ சொல்லியிருக்கலாம்’ என்பதிலும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது. ‘சொல்லியிருக்கலாமே’ என்று ஒரு ஏகாரம் சேர்ந்ததும் முழுக்க மனத்தாங்கல் ஆகிவிடுகிறது. ஆங்கிலம் அந்த ஏகாரத்தின் வேலையைக் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு விட்டுவிடுகிறது. அச்சில் குரல் இல்லை. ஆகவே நாடகத்தில் இப்படி ஒரு வரி வந்தால் அடுத்தவர் என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்துத்தான் எந்தப் பொருள் என்று தீர்மானிக்க முடியும். மன்னிப்புக் கேட்கிறாரா? அப்படியானால் அவர் காதில் குற்றச்சாட்டாக விழுந்திருக்கிறது.

இப்படி எழுதினால் அது பகுப்பாய்வு. ‘எழுத்தாளர் மைட் என்ற மோடல் வினையைப் பயன்படுத்தி நிச்சயமின்மையைக் காட்டுகிறார்’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவினால் அது ஃபீச்சர்-ஸ்பாட்டிங். திருத்துபவர்கள் ஓரத்தில் அதிகம் எழுதும் குறை இதுதான். பெயர் வைப்பது முதல் படி மட்டுமே. எந்தச் சொல், என்ன வகை, இந்த இடத்தில் ஏன், வேறு எதைப் போட்டிருந்தால் என்ன மாறியிருக்கும் என்ற நாலையும் ஒரு பத்தியில் கேட்டுப் பார்க்கலாம். கடைசிக் கேள்விதான் பலம். ‘மைட்’ இருந்த இடத்தில் ‘ஷுட்’ வந்திருந்தால் இரட்டைப் பொருள் போய் வெறும் கண்டனம் மிஞ்சும். அந்த ஒப்பீட்டை எழுதியதும் எழுத்தாளரின் சொல்தேர்வு தானாகவே தெரிய வரும்.

பாரிஸ் தொகுப்பும் பேச்சுப் பதிவும்

முதல் தாளின் முதல் பகுதியில் தொகுப்பிலிருந்து இரண்டு பகுதிகள் வினாத்தாளிலேயே அச்சாகி வரும். தொகுப்பைக் கொண்டுபோக முடியாது. பயணக் குறிப்பு, நினைவுக் குறிப்பு, விளம்பரம், சிறுவருக்கான வழிகாட்டி, படக்கதை, இயல்பான பேச்சின் எழுத்துப் பதிவு என்று எல்லாமே நகரம் ஒன்றைச் சுற்றி. ஒரு படைப்பைத் தனியாகப் படித்து முடித்து அடுத்ததற்குப் போனால் ஒப்பிடக் கை வராது. ஆரம்பத்திலிருந்தே ஜோடி ஜோடியாகப் படியுங்கள். உணவு, அந்நியராக உணர்வது, நடந்து சுற்றுவது, குழந்தைகளுக்குச் சொல்வது என்று தலைப்பு வாரியாக ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு எந்தப் படைப்பு எதில் வரும் என்று குறித்துவிட்டால் ஏப்ரலில் அந்த ஒரு தாள் போதும்.

இங்கே அதிகம் சொதப்பப்படுவது பேச்சுப் பதிவு. இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது இங்கே இட்டுக்கட்டியது:

‘ஸோ வீ கெட் டு த (.) எர்ம் த பிரிட்ஜ் அண்ட் இட்ஸ் லைக் (1) ஐ மீன் யூ கான்ட் ஈவன் ஸீ த ரிவர்’

அடைப்புக்குள் புள்ளி என்றால் மிகச் சிறிய இடைவெளி. எண் என்றால் அத்தனை நொடி. நிறுத்தக்குறிகள் இருக்காது, அதனால் இதை வாக்கியம் என்று அழைக்கக் கூடாது, அட்டரன்ஸ், அதாவது கூற்று. ‘பேசுபவர் தடுமாறுகிறார், பதற்றமாக இருக்கிறார்’ என்று எழுதும் விடைகள் கட்டுக்கட்டாக வரும். தயாரிப்பில்லாமல் பேசும் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள், பதற்றத்துக்கு அதில் சான்று ஒன்றும் இல்லை. ‘எர்ம்’ என்பது ‘நான் இன்னும் முடிக்கவில்லை, நடுவில் வராதே’ என்று பேச்சு உரிமையைப் பிடித்து வைக்கிறது. ‘ஐ மீன்’ முன்னே சொன்னதைத் திருத்திக்கொள்ளும் இடம். ‘யூ’ என்று சொன்னது எதிரில் இருப்பவரை இல்லை, பொதுவாக யாரையும். கேட்பவரையும் அந்தப் பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்துகிறது அது. நடந்து முடிந்த சம்பவத்தை ‘கெட்’ என்று நிகழ்காலத்தில் சொல்வதையும் தவறவிடாதீர்கள். வாய்வழிக் கதைசொல்லலில் இது வழக்கம். நாமும் ‘நேற்று போறேன், அவன் அங்க நிக்கிறான்’ என்றுதானே சொல்கிறோம்.

வாய்வழிக் கதைக்கு மொழியியலாளர் வில்லியம் லபோவ் தந்த ஆறு உறுப்புகளும் இங்கே உதவும். முன்னோட்டம், இடமும் ஆட்களும், சிக்கல், மதிப்பீடு, முடிவு, நிகழ்காலத்துக்குத் திரும்புதல். ஆறும் வரிசையாக இருக்கின்றன என்று நிரூபிப்பதில் பயன் இல்லை. எது விடுபட்டிருக்கிறது, மதிப்பீடு எங்கே அளவுக்கு மீறி வந்திருக்கிறது என்று பார்த்தால் மதிப்பெண் இருக்கிறது.

இந்தப் பகுதியில் ஏஓ1, ஏஓ3, ஏஓ4 மூன்றும்தான் பார்க்கப்படுகின்றன. ஆகவே யார், யாருக்கு, எந்த ஊடகத்தில், எதற்காக என்பதை விடைக்குத் தலைப்பாகை மாதிரி முன்னால் கட்டி வைக்காமல் ஒவ்வொரு பத்திக்குள்ளும் பின்ன வேண்டும். விளம்பரம் ‘வீ’ என்ற தன்மைப் பன்மையைப் பயன்படுத்துவதும் நினைவுக் குறிப்பு அதே ‘வீ’யைப் பயன்படுத்துவதும் ஒன்று அல்ல. விளம்பரத்தின் ‘வீ’ வாங்குபவரை உள்ளே இழுக்கிறது, நினைவுக் குறிப்பின் ‘வீ’ பழைய துணையைக் குறிப்பதால் வாசகரை வெளியே நிறுத்துகிறது. உள்ளடக்கும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்ற இரண்டையும் சிறுவயதிலிருந்தே பிரித்துப் பேசும் நமக்கு, ஆங்கிலத்தின் ஒற்றை ‘வீ’யை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்வியைத் துணிந்து விடையில் எழுதலாம்.

நாவல்

நாவல் கேள்விக்கு ஒரு வரி சேர்ந்தே வரும்: புனைவுலகைக் கட்டுவதில் விந்தைக் கூறுகளின் பங்கு. பாதிப் பேர் அதை மறந்துவிட்டுப் பாத்திர விவரணை எழுதுவார்கள். மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவலான ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ படிக்கிறீர்கள் என்றால், கடலில் போகும் வால்டனின் கடிதத்துக்குள் ஓர் உயிரைப் படைத்த விக்டரின் கதை, விக்டரின் கதைக்குள் படைக்கப்பட்டவனின் கதை என்று பெட்டிக்குள் பெட்டியாக அமைந்திருப்பதிலிருந்து தொடங்கலாம். மூன்று பேரும் ‘நான்’ என்றே பேசுகிறார்கள். நடக்க முடியாத ஒன்றை நம்ப வைக்க மூன்று சாட்சிகள். விந்தையையும் கதைசொல்லும் முறையையும் இப்படி ஒரே கயிற்றில் கட்டினால் ஏஓ1, ஏஓ2 இரண்டும் ஒன்றாக நகரும். சூழல் என்றதும் எழுத்தாளரின் வாழ்க்கையை மட்டும் நினைக்காதீர்கள். இருளும் திகிலும் கலந்த காத்திக் எழுத்தின் மரபும் சூழல்தான்.

வினாத்தாளில் கொடுத்த பகுதிக்கு விடையில் பாதியாவது ஒதுக்கி நெருங்கிப் படியுங்கள். பிறகு நாவலில் வேறு இரண்டு இடம் போதும். ஐந்து இடத்துக்கு ஓடினால் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும்.

கவிதையில் பேசும் குரல்

ஒரு கவிதையைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள், இன்னொன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு வரும்போது எதை எடுப்பது என்று யோசித்தால் ஐந்து நிமிடம் காலி. எந்தக் கவிதை எதனோடு சேரும் என்று வீட்டிலேயே ஜோடி போட்டு வையுங்கள். காலம், இடம், உறவு, தனிமை, சம்பவம் என்று சுழன்று வரும் கருக்கள் சிலதான்.

ராபர்ட் பிரௌனிங்கின் 1842ஆம் ஆண்டுக் கவிதை ‘மை லாஸ்ட் டச்சஸ்’ லாங்-லிட் முறைக்கு எடுத்துக்காட்டாகவே செய்தது போல இருக்கும். ஒரு கோமான் இறந்த மனைவியின் ஓவியத்தைத் திரை விலக்கிக் காட்டுகிறான். கேட்பவன் புது மணப்பெண் வீட்டிலிருந்து வந்த தூதன். அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கோமானோ அவனை ‘சர்’ என்று அழைத்துக்கொண்டே இருக்கிறான், உட்கார்வதற்கும் எழுவதற்கும் கேள்வி வடிவத்தில் கேட்டு அனுமதி வாங்குவது போலப் பேசுகிறான். மொழியியலாளர்கள் பிரவுன்-லெவின்சன் இருவரும் விளக்கிய மரியாதைக் கோட்பாட்டின்படி மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் இவ்வளவு நயம் காட்டத் தேவையே இல்லை. அப்புறம் ஏன்? மறுக்க முடியாத கேள்விக்குத்தான் இத்தனை நயம். மரியாதையே கட்டளையாக வேலை செய்கிறது. வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டிரண்டு வரியாக இயைபு போல ஒலி ஒத்து முடிகிறது, ஆனால் வாக்கியம் வரியின் ஓரத்தில் நிற்காமல் தாண்டி ஓடுவதால் அந்த ஒலி காதில் விழுவதே இல்லை. கட்டுப்பாடு இருக்கிறது, வெளியே தெரியவில்லை. ஆளும் அப்படித்தான்.

மேலே சொன்னதில் பிரௌனிங்கின் வாழ்க்கை வரவில்லை, விக்டோரியா காலம் வரவில்லை. 25 மதிப்பெண்ணுக்கு அவை தேவையில்லை.

திருப்பி எழுதுதலும் விளக்கவுரையும்

இரண்டாம் தாளின் முதல் பகுதியில் செட் டெக்ஸ்டில் ஒரு பகுதியைக் காட்டி, அங்கே இருந்த வேறொரு பாத்திரம் இதை எப்படிச் சொல்லும் என்று கேட்பார்கள். ஏறக்குறைய 300 சொல்லில் எழுத வேண்டும். ‘த கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் கதைசொல்லி நிக் சொல்லும் ஒரு விருந்தை அங்கே வேலை செய்யும் பணியாள் மறுநாள் தன் வீட்டில் சொல்வது போல, என்று ஒரு பயிற்சியை வைத்துக்கொள்ளலாம். முதல் பிழை, நிக்கின் அழகான உவமைகளைப் பணியாளின் வாயில் போடுவது. இரண்டாவது, மூலத்தில் இல்லாத கொலை, கண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து வேறு கதை பண்ணுவது. மூலத்தில் நடந்தது நடந்ததாகவே இருக்க வேண்டும். யார் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்பதுதான் மாறும். பணியாளுக்கு விருந்தினர் பெயர் தெரியாது, ‘அந்த மஞ்சள் உடுப்புக்காரி’ என்பார். எத்தனை பெட்டி ஆரஞ்சுப் பழம் பிழிந்தார் என்பது தெரியும்.

எழுதும்போதே விளக்கவுரையை நினைத்து எழுதுவது கெட்டிக்காரத்தனம். விளக்குவதற்கு நாலைந்து மொழித் தெரிவுகள் வேண்டும் என்று தெரிந்தே அவற்றை உள்ளே வைக்கலாம். ஒருவரை அழைக்கும் பெயர் ஒன்று, இடத்தைச் சுட்டும் சொல் ஒன்று, மோடாலிட்டி ஒன்று, கேட்டதைக் கேட்டபடி மேற்கோளாகத் தருவதா சாரமாகத் தருவதா என்பது ஒன்று. விளக்கவுரையில் ‘நான் முதலில் யோசித்தேன், பிறகு மாற்றினேன்’ என்று நாட்குறிப்பு எழுதக் கூடாது. மூலத்தில் இப்படி, என் எழுத்தில் இப்படி, மாற்றியதன் விளைவு இது என்று மூன்றும் ஒவ்வொரு பத்தியிலும் வர வேண்டும். எழுத்துக்கு 25, விளக்கத்துக்கு 30 என்பதை மறந்து, நல்ல கதை எழுதிய மயக்கத்தில் விளக்கத்தை அரைப் பக்கத்தில் முடிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அவர்கள்தான் பெரும்பாலும் வகுப்பிலேயே நன்றாக எழுதுபவர்கள்.

நாடகமும் நீ–நீங்களும்

நாடகத்தில் மோதல் எப்படி நடக்கிறது என்பதே கேள்வி. யார் பேச்சைத் தொடங்குகிறார், கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா, யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று உரையாடலாகப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வின் முதல் காட்சியில் நாயகன் பெயரையே யாரும் சொல்வதில்லை. அவன் இனத்தைச் சுட்டி ‘மூர்’ என்கிறார்கள், இன்னும் கேவலமாகவும் சொல்கிறார்கள். பெயர் மறுக்கப்படுவதும் மோதலின் ஒரு பாகம். நான்காம் அங்கத்தில் சூழ்ச்சிக்காரன் யாகோவின் பேச்சில் சிக்கி மயங்கி விழும் முன் ஒத்தெல்லோவின் பேச்சு செய்யுளிலிருந்து உடைந்து உரைநடையாகிவிடுகிறது. இதை ஒரு வரியில் கடந்து போகாமல், அந்த உரைநடையில் வாக்கியம் முடிகிறதா, யாருடைய சொற்களைத் திரும்பச் சொல்கிறான் என்று உள்ளே போங்கள்.

ஷேக்ஸ்பியரின் ‘தௌ’, ‘யூ’ வேறுபாட்டை இங்கிலாந்துப் பிள்ளைகள் அட்டவணை போட்டுப் படிப்பார்கள். நமக்கு அது நீ, நீங்கள். பிடித்துக்கொள்வது சுலபம், தவறாகப் பிடிப்பதும் சுலபம். ‘தௌ’ என்றால் தாழ்த்துவது என்று எழுதிவிடுவார்கள். தாயும் கடவுளும் நமக்கு ‘நீ’ ஆவது ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்தால் அந்தப் பிழை வராது. ‘தௌ’ பாசத்திலும் வரும், கோபத்திலும் வரும், பணியாளிடமும் வரும். ஒரே ஆள் ஒரே காட்சியில் ‘யூ’விலிருந்து ‘தௌ’வுக்கு மாறும் அந்தக் கணம்தான் எழுத வேண்டிய இடம்.

கோர்ஸ்வொர்க்

பன்னிரண்டாம் ஆண்டின், அதாவது ஏ-லெவலின் முதல் வருடத்தின், கோடை விடுமுறைக்குமுன் தலைப்பை முடிவு செய்பவர்கள் தப்பிப்பார்கள். ஓர் இலக்கியப் படைப்பும் இலக்கியம் அல்லாத மொழித் தரவும் சேர்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தேர்வுக்குரிய செட் டெக்ஸ்ட் இதற்கு ஆகாது. தலைப்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. ‘பெண்களின் மொழி’ என்பது 3,000 சொல்லில் அடங்காது. ‘ஒரு நாடகத்தின் சண்டைக் காட்சியிலும் ஒரு குடும்பத்தின் உண்மையான வாக்குவாதத்திலும் பேச்சை வெட்டும் இடங்கள்’ என்பது அடங்கும்.

பேச்சுத் தரவு எடுப்பதாக இருந்தால் பேசுபவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள், பெயர்களை மாற்றுங்கள். அரை மணி நேரம் பதிவு செய்துவிட்டு முழுவதையும் எழுத்தில் கொண்டுவர உட்கார்ந்தால் அந்த வார இறுதியே போய்விடும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் ஒரு நிமிடத்தைத் துல்லியமாகப் பெயர்த்தெழுதவே ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு நிமிடத் தரவு தாராளம். ஃபோனை மேசை நடுவில், தட்டு கரண்டி சத்தத்துக்குத் தள்ளி வையுங்கள். முதல் சில நிமிடம் எல்லோரும் ஃபோனைப் பார்த்துப் பார்த்துச் செயற்கையாகப் பேசுவார்கள், அதைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து எடுக்கலாம். கட்டுரையில் நோக்கம், முன்பு படித்த ஆய்வுகள், பகுப்பாய்வு, முடிவு, மேற்கோள் நூல்கள் என்று பகுதிகள் இருக்க வேண்டும். பகுப்பாய்வுக்குச் சொற்களில் பாதிக்கு மேல் ஒதுக்குங்கள். முன்னாய்வுப் பகுதியில் மொழித் தத்துவ அறிஞர் கிரைஸ் 1975இல் சொன்ன உரையாடல் விதிகளை முழுப் பக்கத்துக்கு விளக்கிவிட்டுப் பிறகு ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் விடுவது மிக வழக்கமான வீண்செலவு.

வீட்டில் கேட்கும் கேள்விகள்

இதை எடுத்தால் பல்கலைக்கழகம் குறைவாக மதிக்குமா என்று தமிழ்ப் பெற்றோர் கேட்பார்கள். ஆங்கிலப் பட்டப்படிப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும்கூட இலக்கியத்தை ஏற்பது போல லாங்-லிட்டையும் ஏற்கின்றன. பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் கணக்கிடும் யூகாஸ் புள்ளிகளும் மற்ற ஏ-லெவலுக்கு உள்ளதுதான்: ஏ ஸ்டார் 56, ஏ 48, பி 40. சட்டம், இதழியல், பேச்சுச் சிகிச்சை, ஆசிரியப் பணி என்று போக நினைப்பவருக்கு நன்றாகவே பொருந்தும். பதினேழாம் நூற்றாண்டுக் கவிதையிலிருந்து இன்றுவரை நாவல் நாவலாகப் படித்துத் தள்ள ஆசைப்படும் பிள்ளைக்கு இலக்கியம் மட்டும் எடுப்பதே மேல், இங்கே செட் டெக்ஸ்ட் எண்ணிக்கை குறைவு. குழந்தை மொழி, மொழி மாற்றம் படிக்க வேண்டும் என்றால் மொழிப் பாடத்துக்குப் போக வேண்டும், அவை இதில் இல்லை. வாக்கியத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி கோர்த்துப் பார்க்கப் பிடிக்குமா என்று ஒரு கேள்வி கேட்டாலே பிள்ளைக்கு இது ஆகுமா ஆகாதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கடைசியாக, புத்தகம் பற்றி ஒன்று. பாரிஸ் தொகுப்பைத் தவிர மற்ற நூல்களுக்குத் திறந்த புத்தகத் தேர்வு. ஆனால் கொண்டுபோகும் பிரதியில் ஒரு குறிப்பும் இருக்கக் கூடாது. வகுப்பில் கோடிட்டுக் கறுப்பாக்கிய பிரதி வீட்டில், சுத்தமான பிரதி தேர்வுக்கு. சுத்தமான பிரதியைத் தேர்வு அறையில்தான் முதல் முறை தொடுகிறோம் என்றால் பக்க எண்ணெல்லாம் மாறியிருக்கும், விரல் தேடிக்கொண்டே இருக்கும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஈஸ்டர் விடுமுறையிலிருந்தே அந்தச் சுத்தப் பிரதியில் பயிற்சி செய்யுங்கள். முக்கியமான பத்து இடத்தை அத்தியாய எண்ணை வைத்து இருபது நொடிக்குள் திறக்க முடிகிறதா என்று தம்பியையோ தங்கையையோ கேள்வி கேட்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.